திராட்சைத் தோட்டத்துக் காசு

நவம்பர், மரித்தோரை நினைக்கும் மாதம். கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, புல் செதுக்கி, சுண்ணாம்பு பூசி, மெழுகுதிரி ஏற்றித் திரும்பும் நம் குடும்பங்கள் யாவற்றிற்கும், நினைந்து மன்றாட ஒரு பெயரேனும் உண்டு. இம்மாதம் நாம் நினைக்க விரும்புகிறவரின் பெயரை இங்கு எழுதப் போவதில்லை. தம் பெயர் அச்சில் வருவதை அன்னார் ஒருபோதும் விரும்பியவரல்லர். பிரெஞ்சு நாட்டவர், பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த குருவானவர், சேலம் பகுதியின் செம்மண் கிராமங்களில் நெடுங்காலம் உழைத்து, முதுமையில் புதுவையில் தங்கி, அங்கேயே இறைவனடி சேர்ந்தவர். வயதில் நம் தந்தையாரினும் மூத்தவர். எனினும் நண்பர் என்றே சொல்லத் துணிகிறோம். அவரே நம்மை அவ்விதம் அழைத்தார்.

அன்னாருக்கு இவ்வுலகில் பற்று இரண்டின்மேல் இருந்தது. ஒன்று திராட்சை இரசம். மற்றொன்று பிறருக்குக் கொடுத்தல்.

முதலாவதைப் படித்தவுடனே முகம் சுளிக்கும் தாய்மார்கள் உண்டென்பதை நாம் அறிவோம். 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்ட செய்தி இன்னும் நம் செவிகளில் ஒலிக்கிறது. 2003 முதல் நம் மாநிலத்தில் சில்லறை மது விற்பனையை அரசு நிறுவனமே நடத்தி வருகிறது. சம்பள நாளன்று மாலையில் பங்கு இல்லத்தின் வாயிலில் வந்து நிற்கும் மனைவியரின் முகங்களைக் கண்டு பழகிய ஒரு பங்குத் தந்தை, மதுவை நேசித்த மனிதர் ஒருவரை ஒரு குடும்ப ஏட்டில் நினைவுகூரலாமா? நினைவுகூரலாம் என்றே எண்ணுகிறோம். காரணத்தைச் சொல்லச் சற்று இடம் வேண்டும்.

பிரான்சின் கிழக்குப் பகுதியில் பர்கண்டி என்றொரு வட்டாரம் உண்டு. அங்கே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் ஒரு குன்றுச் சரிவின் அடியில் போன் என்னும் பழைய மதில் நகரம் அமைந்துள்ளது. அந்நகரை அடுத்த ஒரு சிற்றூரில், சிறு தோட்டக்காரர் ஒருவரின் இளைய மகனாகப் பிறந்தவர் அன்னார். அச்சரிவு முழுவதும் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டுக்கும் பல நூற்றாண்டுகளாக ஒரு தனிப் பெயர் வழங்கி வருகிறது. 2015-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றபோது அத்துண்டுகளின் எண்ணிக்கை 1,247. இடுப்பளவு மதில் ஒன்றே இரண்டு துண்டுகளைப் பிரித்து நிற்கும். ஆயினும் இப்புறத்து இரசத்தின் சுவை வேறு, அப்புறத்து இரசத்தின் சுவை வேறு. மண்ணின் ஆழமும், அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லும், வெயில் விழும் சாய்வும், மழைநீர் வடியும் விதமும் மாறுவதே காரணம். இவ்வேறுபாடுகளை ஊன்றிக் கவனித்து வகுத்தவர்களுள் சித்தோ மடத்துத் துறவிகள் முதன்மையானோர். அவர்கள் மதிலெழுப்பிய வூஜோ தோட்டம் இன்றும் காய்த்துக் கொண்டிருக்கிறது.

இவற்றையெல்லாம் புதுவை இல்லத்தின் திண்ணையில் அமர்ந்து அன்னார் சொல்லும்போது, அவருடைய விரல்கள் மேசை விரிப்பில் குன்றும் மதிலும் வரையும். ஊரிலிருந்து யாரேனும் ஒரு புட்டி கொண்டுவந்தால் அதை ஒரு நாளில் திறக்கமாட்டார். யாருடன் அருந்துவது என்று ஒரு வாரம் யோசிப்பார். திறந்த பிறகு ஆளுக்கு இரண்டு விரற்கடை. முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு முகர வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். காத்திருக்கத் தெரியாதவனுக்கு இரசமும் ஒன்றே, காடியும் ஒன்றே என்பார். இரண்டாவது கிண்ணம் கேட்ட விருந்தினர் ஒருவரை, மிக மரியாதையாக, தண்ணீர்ப் பானையண்டை அழைத்துச் சென்றதை நாம் கண்டிருக்கிறோம்.

இனி, கொடுத்தல். அதையும் அவர் அச்சரிவிலேதான் கற்றார்.

பர்கண்டி ஊர்களில் திராட்சைத் தோட்டத்தாரின் பாதுகாவலர் புனித வின்சென்ட். ஜனவரி 22-ஆம் நாள் அவரது திருநாள். அவர் பெயரால் ஊர்தோறும் ஒரு சபை உண்டு. அது வெறும் கொடிச் சபையன்று; உறுப்பினன் ஒருவன் நோயுற்றால் மற்றவர்கள் கூடி அவனுடைய தோட்ட வேலையைக் கூலியின்றிச் செய்து கொடுப்பது அச்சபையின் பழைய முறை. 1938 முதல் ஆண்டுக்கு ஓர் ஊராகச் சுற்றிவரும் பெருவிழாவாகவும் அத்திருநாள் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்னாரின் சிறு வயதில் தந்தைக்குக் கால் முறிந்தது. கொடிகளைக் கத்தரிக்க வேண்டிய பனிக்காலம். ஒருநாள் விடியற்காலையில் சாளரத்தைத் திறந்து பார்த்தபோது, ஒரு சொல்லும் பேசாமல் பதினைந்து பேர் தோட்டத்தில் குனிந்து நின்றார்களாம். அவர்களில் இருவர் தந்தையுடன் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். வேலை முடிந்த பிறகும் பேசவில்லை என்று சொல்லிச் சிரிப்பார்.

போன் நகரத்தின் மருத்துவமனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நூறாண்டுப் போரின் பிற்காலத்தில் கொள்ளையும் பஞ்சமும் அந்நாட்டைச் சூறையாடிவிட்டன. போன் நகரத்தாரில் பெரும்பாலோர் ஏதுமற்றவர்கள். அக்காலத்தில், 1443-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள், பர்கண்டிப் பிரபுவின் தலைமை அமைச்சரான நிக்கோலா ரோலன் என்பாரும் அவர் மனைவி கிகோன் தெ சலன் அம்மையாரும் ஏழைகளுக்கென ஒரு மருத்துவமனையை நிறுவினார்கள். 1452 ஜனவரி முதல் நாள் முதல் நோயாளி உள்ளே வந்தார். ‘ஒத்தேல் தியே’, அதாவது இறைவனின் இல்லம், என்பது அதன் பெயர். ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள ஏழைகள் கூடம். இரு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். கூடத்தின் முனையில் சிற்றாலயம். படுத்தவாறே திருப்பலி காணலாம். பீடத்தின்மேல் ரோகிர் வான் டெர் வெய்டன் வரைந்த இறுதித் தீர்வைச் சித்திரம். ஞாயிறுகளிலும் திருநாட்களிலும் மட்டுமே அதைத் திறப்பார்கள். மற்ற நாட்களில் மூடிய பலகைகளின் வெளிப்புறத்தில், மண்டியிட்டுச் செபிக்கும் ரோலனும் அவர் மனைவியுமே தெரிவார்கள். “வாரத்தில் ஆறு நாள் பணக்காரன் தெரிவான், ஏழாம் நாள் அவனுக்குரிய தராசு தெரியும்” என்பது அன்னாரின் விளக்கம்.

ரோலன் கடுமையாகப் பொருள் சேர்த்த மனிதர் என்பதில் ஐயமில்லை. ‘தம் வாழ்நாளில் அத்தனை பேரை ஏழைகளாக்கியவர், அவர்கள் தங்க ஒரு மனை கட்டியது பொருத்தமே’ என்று அரசர் பதினோராம் லூயி ஏளனம் செய்ததாக ஒரு கதை வழங்குகிறது. மாறாக, கிகோன் அம்மையார் 1462-இல் கைம்பெண்ணான பிறகு அம்மருத்துவமனைக்கே தம்மைக் கொடுத்து, 1470-இல் இறந்து, அச்சிற்றாலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். நம் நண்பருக்கு ரோலன்மேல் பெரிய மதிப்பில்லை. அம்மையார்மேல் அளவிறந்த பக்தி.

1457-இல் கியெமெத் லெவெர்னியே என்ற பெண்மணி அம்மருத்துவமனைக்கு ஒரு திராட்சைத் தோட்டத்தை எழுதி வைத்தார். அதுவே முதல் தோட்டம். பின்னர் தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்கள் சேர்ந்தன. இன்று ஏறத்தாழ 60 ஹெக்டேர். 1859 முதல் ஒவ்வோர் ஆண்டும் புது இரசத்தைப் பீப்பாயுடன் ஏலம் விடுகிறார்கள். நவம்பர் மூன்றாம் ஞாயிறு ஏல நாள். மெழுகுதிரி எரிந்து அணைவதைக் கணக்காக வைத்து ஏலம் முடிப்பது பழைய வழக்கம். கிடைக்கும் பணம் மருத்துவமனைக்கு. பழைய கூடத்தில் 1971 வரை நோயாளிகள் இருந்தார்கள். இன்று அது காட்சியகம், சிகிச்சை புதிய கட்டடங்களில் நடக்கிறது. புட்டிகளின்மேல் கொடையாளிகளின் பெயர்களும் அங்குப் பணியாற்றிய அருட்சகோதரிகளின் நினைவும் பொறிக்கப்பட்டிருக்கும்.

இத்தகைய மண்ணில் பிறந்தவர், 1950-களில் எங்கே வந்து இறங்கினார்? மதுவிலக்கு நாட்டில்! 1937-இல் இராஜாஜி முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான்; 1948-இல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது. திருப்பலிக்குரிய இரசம் ஆயர் இல்லத்திலிருந்து அளந்து வரும். பீடத்துக்கு வெளியே ஒரு துளியும் தொடாமல் ஆண்டுகள் கழிந்தன. வந்த புதிதில், ஒரு பெருநாள் பகல் உணவின்போது, படித்த தமிழைப் பயன்படுத்தி, “கொஞ்சம் இரசம் கிடைக்குமா?” என்று சமையற்காரரைக் கேட்டாராம். அவர் ஓடிப்போய்ச் சுடச்சுட மிளகு ரசம் கொண்டுவந்தார். அதைக் குடித்து, நன்றி சொல்லி, இன்னும் ஒரு கிண்ணம் கேட்டிருக்கிறார். திருப்பலி இரசத்தின் தரத்தைப் பற்றி நாம் ஒருமுறை குறும்பாக வினவியபோது, “வசீகரத்துக்குப் பின் அது குறைகாண முடியாதது, அதற்கு முன் நான் பேசுவதில்லை” என்றார்.

தந்தை இறந்தபின் தோட்டம் பிள்ளைகளுக்குச் சமபாகமாகப் பிரிந்தது. அந்நாட்டுச் சட்டம் அப்படி. அன்னாரின் பங்காக வந்த சிறு துண்டை அண்ணன் வாரத்துக்குப் பயிரிட்டு, அறுவடைக்குப் பிறகு ஒரு தொகையை அனுப்பி வந்தார். அதுதான் அன்னாருடைய அறச் செலவுக்கு முதல். நல்ல விளைச்சலானால் நல்ல பணம். ஆலங்கட்டி மழை பெய்துவிட்டால் ஒன்றுமில்லை. ஜூலை மாதத்தில் பர்கண்டியில் அரைமணி நேரம் பெய்யும் ஆலங்கட்டிக்கும், சேலத்துக் கிராமம் ஒன்றில் ஒரு சிறுமியின் விடுதிக் கட்டணத்துக்கும் இவ்விதம் ஓர் உறவு உண்டாயிற்று. கோடையில் அண்ணனின் கடிதம் வந்தால், பிரிக்குமுன் ஒரு சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார்.

கொடுக்கும் முறையில்தான் அவர் பிறரினின்று வேறுபட்டார். வரிசையில் நிறுத்திக் கொடுப்பதை அவர் வெறுத்தார். ஒரே தெருவில், ஒரே ஆண்டில் கணவனை இழந்த இருவர், ஒரே உதவியைக் கேட்டு வந்தார்கள்: தையல் இயந்திரம். மூன்று வாரம் அவர் பதில் சொல்லவில்லை. அத்தெருவில் மாலை வேளைகளில் போய் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். பிறகு ஒருவருக்கு இயந்திரம் வந்தது. மற்றவருக்கு வந்தது கண் கண்ணாடியும், வட்டிக் கடையில் கிடந்த பட்டாவும். பாகுபாடு என்று ஊரார் முணுமுணுத்தனர். “நடுவில் ஒரு மதில்தான், ஆனால் மண் வேறு” என்றாராம். ஊராருக்கு அது விளங்கியிருக்க வழியில்லை. நமக்கு விளங்குகிறது. இன்று அறப்பணி என்ற பெயரில் மேடை போட்டு, பதாகை கட்டி, நூறு பேருக்கு ஒரே நிறச் சேலை வழங்கிப் படமெடுத்துக் கொள்கிறோமே, அதைக் காணும்போதெல்லாம் அந்த மூன்று வாரம் நம் நினைவுக்கு வருகிறது.

ஆனால் இவையெல்லாம் ஒரு பக்கம். மறுபக்கத்தைப் பின்னாளில் அதே பங்கில் நாம் பணியாற்ற நேர்ந்தபோது, முதிய உபதேசியார் ஒருவர் சொல்லக் கேட்டோம். அன்னார் தம் வாயால் அதைச் சொன்னதில்லை.

1971-இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது அவ்வூரிலும் சாராயக் கடை வந்தது. 1974-இல் மீண்டும் மூடப்பட்டது. கடை போயிற்று, பழக்கம் போகவில்லை. கிணறு வெட்டும் தொழிலாளி ஒருவர் கடைச் சாராயத்தில் தொடங்கி, கள்ளச் சாராயத்தில் முடிந்து, மூன்று பிள்ளைகளை விட்டு இறந்தார். மூத்த பெண்ணை விடுதியில் சேர்க்க அன்னார் ஏற்பாடு செய்தார். தாய் கும்பிட்டு ஏற்றுக்கொண்டாள். சில மாதம் கழித்து, அப்பணம் எங்கிருந்து வருகிறது என்று யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும், கோவில் வாசலில், எல்லோரும் கேட்க அவள் சொன்னாள்: “சாமி, குடியால போன தாலிக்குக் குடிக்காசா? என் பிள்ளைக்கு அது வேணாம்.”

உபதேசியார் பதறிப்போய் அவளைக் கடிந்திருக்கிறார். நீ நினைப்பதுபோல் அது சாராயமன்று. கோவிலில் வைக்கும் இரசம். கானாவூர்த் திருமணத்தில் நம் ஆண்டவரே உண்டாக்கியது. இவ்வளவையும் உபதேசியார்தான் சொன்னார். அன்னாரோ ஒன்றும் சொல்லவில்லை. இரசத்துக்கும் சாராயத்துக்கும் உள்ள வேற்றுமையை அத்தாலுகாவிலேயே அவரைவிட நன்கறிந்தவர் வேறு யாருமில்லை. நல்ல சமாரியன் காயத்தில் வார்த்தது எண்ணெயும் இரசமும் என்ற ஒன்றையாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், “சரியம்மா” என்று உள்ளே போய்விட்டார்.

அன்றிலிருந்து அச்சிறுமியின் கட்டணம் தோட்டத்துப் பணத்திலிருந்து போகவில்லை. பூசைக் காசிலிருந்து போயிற்று. குருவானவருக்கென்று சொந்தமாகக் கிடைப்பது அது ஒன்றே. அது எவ்வளவு சொற்பம் என்பதை நம் வாசகர்கள் அறிவார்கள். அவருடைய இரவு உணவு சில ஆண்டுகள் கம்மங்கூழாக மாறியதற்கு வயிற்றுக் கோளாறே காரணம் என்று ஊரார் நம்பினார்களாம். மேலும், மதுவிலக்கு என்ன நிலையில் இருந்தாலும், அப்பங்கின் எல்லைக்குள் இருந்த வரையில் பீடத்துக்கு வெளியே அவர் இரசத்தைத் தொடவில்லை. புதுவைக்கு வந்த பிறகே மீண்டும் அந்த இரண்டு விரற்கடை.

போன் நகரத்து ஏழைகள் தங்களுக்குக் கிடைத்த மருந்தின் மூலதனம் எதுவென்று கேட்டதில்லை. கேட்கும் நிலையில் அவர்கள் இல்லை. ரோலன் கசக்கிப் பிழிந்த காசாயினும், நோயாளிக்குக் கட்டில் கட்டில்தான். நம் ஊர்க் கைம்பெண்ணோ கேட்டுவிட்டாள். வாங்குகிறவருக்கு அவ்வுரிமை உண்டா என்பது குருமடத்து அறநெறி வகுப்பில் விவாதிக்கத் தக்க வினா. பசித்த பிள்ளையின் முன்னிலையில் தாயின் மான உணர்வுக்கு எவ்வளவு இடம் என்று ஒருவர் கேட்கலாம், நாமும் கேட்டோம். உபதேசியார் சொன்ன கதையைக் கேட்டு ஒரு மாதத்துக்குள் புதுவைக்குப் பேருந்து ஏறினோம். “அவள் சொன்னது சரியா, தந்தையே?” என்று நேரே வினவினோம்.

யார் சொன்னது என்று முதலில் கோபித்தார். பிறகு வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவள் குடித்ததை நான் குடித்ததில்லை, தம்பி சாமி” என்றார். அதற்குமேல் அப்பேச்சை வளர்க்க விடவில்லை. அன்று வந்திருந்த மீனின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

அவர் இறந்த பின் நடந்த ஒரு செய்தியையும் இங்குக் குறிக்க வேண்டும். போன் நகரத்து ஏலத்தில் ஒரு தனிப் பீப்பாயை மருத்துவமனைக்கு அல்லாமல் வேறோர் அறப்பணிக்கென விற்பது வழக்கம். 2021-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் கடும் பனி விழுந்து பர்கண்டியின் விளைச்சல் மிகக் குறைந்திருந்தது. அந்த நவம்பரில், கோர்த்தோன் குன்றின் இரசம் நிறைந்த அத்தனிப் பீப்பாய் 8,00,000 யூரோவுக்கு ஏலம் போயிற்று. அப்பணம் பகிர்ந்தளிக்கப்பட்ட இரண்டு நோக்கங்களில் ஒன்று மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி. மற்றொன்று, வீட்டில் அடிபடும் பெண்களுக்கு அடைக்கலமளிக்கும் பணி. திராட்சைக் காசு அடிபட்ட பெண்களுக்கு! செய்தியைப் படித்தபோது நமக்கு அந்தக் கோவில் வாசல் நினைவுக்கு வந்தது. அப்பெண்களுள் எவளேனும் அவ்வூர்க் கைம்பெண்ணைப் போல் கேட்டிருப்பாளா? கேட்டிருந்தால், “சரியம்மா” என்று சொல்ல அங்கே யாரேனும் இருந்திருப்பார்களா?

அன்னாரின் அடக்கத்துக்கு அவ்வூரிலிருந்து இரண்டு வாகனம் நிறைய மக்கள் வந்திருந்தனர். விடுதியில் படித்த அப்பெண்ணும் வந்திருந்தாள். இன்று அவள் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலி. தாய் வரவில்லை, முட்டுவலி. ஒரு படி கம்பு கொடுத்தனுப்பியிருந்தாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் இல்லத்தார் நம்மிடம் தந்தனர். மறுநாள் காலையில் கூழாகக் காய்ச்சி அனைவரும் உண்டோம்.

தோட்டத் துண்டை இப்போது அண்ணன் மகன் பயிரிடுகிறார். சட்டப்படி அவர் நமக்கு எதுவும் தர வேண்டியதில்லை. எனினும் சிற்றப்பாவின் வாரத்தை மறைமாவட்டக் கணக்கின் வழியே முறைப்படி அனுப்பி வருகிறார். எங்கிருந்து வரும் பணம் என்பதைப் பெறுவோர் ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். இதுவரை வேண்டாமென்றவர் இருவர். அவர்களுக்கு வேறு வழி தேட வேண்டியிருந்தது, தேடினோம். சென்ற வாரம் கடிதம் வந்தது: இவ்வாண்டு ஆலங்கட்டி பெய்யவில்லை, கொத்துகள் சிறியவை, ஆனால் நன்றாகப் பழுத்திருக்கின்றன.